கேட்டுக்கு வெளியே எழுநூறு மீட்டர்

எங்கள் கல்லூரியின் பின்கேட்டை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மாணவிகளின் பாதுகாப்புக்காக என்று அந்தக் கேட்டிலேயே ஒரு பலகை தொங்குகிறது. ஆறு மணிக்கு மேல் ஆய்வகம் முடித்து வருகிறவர்கள் முன்கேட் வழியாக வெளியேறி, மதிற்சுவரை ஒட்டி வெளிப்புறமாகவே சுற்றிக்கொண்டு வந்து, பூட்டிய அதே பின்கேட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். உள்ளேயே நடந்தால் மூன்று நிமிடம். வழி நெடுக விளக்கு உண்டு, காவலாளி உண்டு. வெளியே நடந்தால் எழுநூறு மீட்டர். ஒரு பக்கம் ஆளுயர மதில், மறுபக்கம் கட்டுமான வேலைக்காக அடித்து வைத்த தகரம், நடுவே ஐந்து விளக்குக் கம்பங்கள். கடந்த நவம்பரில் அந்த ஐந்தில் இரண்டுதான் எரிந்துகொண்டிருந்தன. எங்களைப் பாதுகாக்கப் போட்ட பூட்டு எங்களை அந்தச் சந்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது என்பது, முட்டி கிழிந்து தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் அறந்தாங்கிப் பக்கம். சென்னையில் எம்.எஸ்சி. சேர்ந்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காததால் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு தனியார் பெண்கள் விடுதியில் இருந்தேன். சென்னைக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் வாங்கியதே ஒரு போராட்டம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா, சென்னை என்ற பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவார். அந்த வழக்கில் 2025 ஜூனில் குற்றவாளிக்கு முப்பது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்த பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். அப்பாதான், "படிக்கிற பிள்ளை, போகட்டும்" என்றார். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று இரவு நான் செய்த முட்டாள்தனங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான். ஏதாவது ஒன்று நடந்தது என்று வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எனக்குள் ஆறாவது விரல் மாதிரி எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது வெள்ளிக்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்த நாள். ஆய்வகத்தில் வேலை முடிய ஏழே கால் ஆகிவிட்டது. என்னோடு வழக்கமாக வரும் தோழி அன்று மதியமே ஊருக்குப் போய்விட்டாள். சந்துக்குள் திரும்பியபோது அம்மா அழைத்தார். தனியாக இருட்டில் நடக்கும்போது யாருடனாவது பேசிக்கொண்டே போனால் தைரியம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இடது கையில் குடை, வலது கையில் செல்போன், காது முழுக்க அம்மாவின் குரல். பின்னால் வந்த பைக்கின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. "என்னடி சாப்பிட்டாய்?" என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது. அடுத்து கையில் ஒரு வெட்டு இழுப்பு. நான் விடாமல் பிடித்திருக்கிறேன் போல. இரண்டடி இழுத்துக்கொண்டு போய்க் கீழே தள்ளிவிட்டார்கள். பைக்கில் இரண்டு பேர். எண் பலகையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் சிவப்பு விளக்கு மட்டும் திருப்பத்தில் மறைந்தது. அப்போது மணி ஏழு நாற்பது. பேச்சு அறுந்த நேரம் அம்மாவின் செல்போனில் பதிவாகியிருந்ததால்தான் இதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. பின்னால் காவல் நிலையத்தில் அதுவே உதவியது.

பேசிக்கொண்டே நடப்பது துணை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பேசும்போது நம் காது அடைபடுகிறது. அதோடு திரைப்பூட்டு திறந்த நிலையில் இருக்கும் செல்போனை ஏந்திக்கொண்டு போகிறோம். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. பூட்டிய செல்போனைப் பறித்தவனுக்குக் கிடைப்பது ஒரு பொருள். பேசிக்கொண்டிருக்கும்போது பறித்தவனுக்கு நம் வீட்டுச் சாவியே கிடைக்கிறது. சந்துக்குள் நுழையும் முன் வெளிச்சத்தில் நின்று பேசி முடித்துவிட்டு, செல்போனைப் பூட்டிப் பைக்குள் வைத்து, பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடப்பதுதான் சரி. பின்னால் வருகிற வண்டியைவிட முன்னால் வருகிற வண்டி நல்லது. குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும்.

விழுந்து கிடந்தபோது ஸ்கூட்டரில் போன ஒரு பெரியவர் நிறுத்தி, "என்னம்மா, விழுந்துவிட்டாயா?" என்று கேட்டார். "கால் தடுக்கிவிட்டது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெட்கம் என்றுதான் நினைக்கிறேன். தப்பு செய்தவன் போய்விட்டான், அகப்பட்டுக்கொண்டது போன்ற உணர்வு எனக்கு. அவர் நல்ல மனிதர். உண்மையைச் சொல்லியிருந்தால் தன் செல்போனிலிருந்து 112க்கு அழைத்திருப்பார். ரோந்து வண்டி வந்திருக்கும். எந்த ஸ்டேஷன் எல்லை என்ற கேள்வி எல்லாம் அவர்களுடைய தலைவலியாகப் போயிருக்கும். பத்து நிமிடத்துக்குள் சொன்னால் அடுத்த சிக்னலில் பிடிபட வாய்ப்பாவது உண்டு. அதை நானே கைகழுவினேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு நொண்டிக்கொண்டே போனேன். கடைக்கார அண்ணன் தண்ணீர் கொடுத்து, கேட்காமலேயே தன் செல்போனை நீட்டினார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அம்மாவுடையது. பேசும்போதே தொடர்பு அறுந்ததில் அவர் பதறிப்போயிருந்தார். "சார்ஜ் தீர்ந்துவிட்டது அம்மா, கடையிலிருந்து பேசுகிறேன், காலையில் கூப்பிடுகிறேன்" என்றேன். குரல் நடுங்காமல் பொய் சொன்னேன் என்பதில் அப்போது எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அது எட்டு மணி. விடுதிக்குப் போனபோது பொறுப்பாளர் அக்கா முட்டியைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்றார். மழையில் வழுக்கிவிட்டது என்றேன். அந்த விடுதியில் ஏதாவது பிரச்சினை என்றால் வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அறையில் யாரும் இல்லை. காயத்தைக் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செல்போனின் விலை 16,499 ரூபாய், அதில் இன்னும் நான்கு மாதத் தவணை பாக்கி என்பதுதான் என் அழுகையின் முழுப் பொருளும். ஏடிஎம் கார்டு பர்ஸில் பத்திரமாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து ஆறுதலடைந்தேன்.

அந்தக் கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாக என் செல்போனின் கேலரியில் இருந்தன. கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று கேட்டபோது, இரண்டு மாதத்துக்கு முன் எடுத்து அனுப்பியது. அனுப்பிய மறுநிமிடம் மறந்துபோனேன். பதினாறு இலக்க எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. அவர்களுக்குக் குறைவது ஓடிபி ஒன்றுதான். அது வந்து விழும் சிம்மும் அவர்கள் கையில். வெள்ளிக்கிழமை இரவு 9.12க்கு 14,999 ரூபாய். 9.40க்கு 18,500. 9.47க்கு 8,200. மூன்றும் இணையத்தில் பொருள் வாங்கியதாகக் கணக்கு. இரண்டாம் பருவக் கட்டணத்துக்காக அப்பா சீட்டு எடுத்துப் போட்ட பணம் அது. என் அறையில் நான் பஞ்சை டெட்டாலில் நனைத்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எட்டு மணிக்கு டீக்கடையில் நின்றேன், 9.12க்கு முதல் தொகை போனது. நடுவில் 72 நிமிடம். சிம்மையும் கார்டையும் நிறுத்த இரண்டு அழைப்புகள், அதிகம் போனால் பதினைந்து நிமிடம் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என்னிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். செல்போன் பறிபோனால் முதலில் செல்போனைத் தேடாதீர்கள், சிம்மை நிறுத்துங்கள். எந்த நிறுவனத்தின் சிம்மோ அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு வேறு யாருடைய எண்ணிலிருந்தும் அழைக்கலாம். அடுத்தது வங்கி. கார்டை முடக்கும் தொலைபேசி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்கும். வங்கி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார்டு உங்கள் பர்ஸிலேயே இருந்தாலும் முடக்குங்கள். இந்த இரண்டு எண்களும், மனப்பாடமாகத் தெரியாத இரண்டு உறவினர் எண்களும், செல்போனின் ஐஎம்இஐ எண்ணும் ஒரு துண்டுத் தாளில் எழுதி கல்லூரி அடையாள அட்டையின் உறைக்குள் வைத்திருங்கள். ஐஎம்இஐ என்பது *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் பதினைந்து இலக்க எண். செல்போன் வந்த அட்டைப்பெட்டியிலும் இருக்கும். என் பெட்டி அறந்தாங்கியில் பரணில் இருந்தது. கார்டை இணையத்தில் பயன்படுத்தும் வசதியை வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கவும், தொகைக்கு உச்சவரம்பு போடவும் முடியும். தேவைப்படும்போது திறந்துவிட்டு உடனே மூடிவிடலாம். நான் ஒருமுறை நுழைவுத்தேர்வுக்குப் பணம் கட்டத் திறந்தது, அப்படியே திறந்து கிடந்தது. சிம்முக்கும் ஒரு பின் எண் போடலாம். அப்படிப் போட்டால் சிம்மைக் கழற்றி வேறு செல்போனில் செருகினாலும் அந்த எண் இல்லாமல் இயங்காது. கார்டு, ஆதார், பான் எதையும் கேலரியில் வைக்காதீர்கள். யாருக்காவது அனுப்பியே தீர வேண்டியிருந்தால் அனுப்பிய கையோடு உங்கள் செல்போனிலும் அவருடைய செல்போனிலும் அழித்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை விடுதி அக்காவின் செல்போனிலிருந்து அம்மாவை அழைத்தேன். "சார்ஜ் இல்லை என்றாய், ராத்திரி ஒன்பதரைக்கு ரிங் போனதே? யாரோ எடுத்து, பேசாமல் வைத்துவிட்டார்கள்" என்றார். எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் வாய் அதற்குள் அடுத்த பொய்யைத் தயாரித்திருந்தது. பக்கத்து அறைப் பெண் தெரியாமல் அமுக்கியிருப்பாள் என்றேன். செல்போன் உயிரோடு இருக்கிறது, சிம் யாரோ ஒருவன் கையில் இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது. நான் அதை அம்மாவின் சந்தேகத்தைச் சமாளிக்க வேண்டிய கேள்வியாக மட்டும்தான் பார்த்தேன்.

தோழி ஒருத்தியின் செல்போனில் கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த செல்போனைப் பூட்டும் வசதியை முயன்று பார்த்தோம். கடவுச்சொல் சரியாகப் போட்டேன். உறுதிப்படுத்த ஓர் எண்ணைத் தொலைந்த அதே செல்போனுக்கு அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம், அழ வேண்டிய நேரத்தில். கூகுள் கணக்கில் மாற்றுக் குறியீடுகள் என்று பத்து எண்கள் கொடுப்பார்கள். அதை முன்பே எழுதி வைத்திருந்தால் இந்த நிலைமை இல்லை. இன்று என் அடையாள அட்டை உறையில் அவையும் இருக்கின்றன.

பிறகு காவல் நிலையம். எங்கள் சந்தின் மதில் பக்கம் ஒரு ஸ்டேஷன், தகரப் பக்கம் வேறு ஸ்டேஷன். முதல் இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "நீ விழுந்தது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். நடுவில் விழுந்தேன் என்றேன். அடுத்த ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் முதலில் கேட்டது, "ஏழே முக்காலுக்கு அந்தச் சந்தில் உனக்கு என்னம்மா வேலை?" என்பது. படிப்பதுதான் வேலை என்று சொல்லத் தெரியாமல், ஆய்வகம், பின்கேட், பூட்டு என்று குற்றவாளிபோல விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் காவலர் மட்டும் என் முட்டியைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர்தான் புகாரை எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்: நேரம், இடம், எத்தனை பேர், என்ன பொருள், ஐஎம்இஐ, சிம் எண். ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதாதே, ‘பறித்துச் சென்றார்கள்’ என்று எழுது என்றார். இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தொலைந்தது என்று எழுதினால் அது வெறும் காணாமல்போன பொருள். பறிப்பு என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் தனிக் குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை.

அன்று கையில் கிடைத்தது சிஎஸ்ஆர் ரசீதுதான். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு அது. முதல் தகவல் அறிக்கை வேறு. அதை வாங்க இன்னும் மூன்று முறை போக வேண்டியிருந்தது. எல்லை என்று சொல்லி அலைய விடுவதற்கும் இப்போது சட்டத்தில் இடம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, இதுபோன்ற குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிந்தாக வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இது அன்று தெரிந்திருந்தாலும் அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். தனியாகப் போனது என் தப்பு. ஒரு பேராசிரியரோ, வயதில் மூத்த யாரோ பக்கத்தில் நின்றால் அதே மேசை வேறு மாதிரிப் பேசுகிறது. இது நியாயமில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

புதிய சிம் வாங்க அசல் அடையாளச் சான்று வேண்டும். சனிக்கிழமை மாலை சிம் உயிர்பெற்றது. சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, மோசடியைத் தடுக்க அப்படி ஒரு விதி. நல்ல விதிதான். ஆனால் வங்கியிலிருந்து எனக்கு எதுவும் வராததை, எதுவும் நடக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். அது இரண்டாம் சனிக்கிழமை, வங்கியும் இல்லை. திங்கள் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தேன். வந்த சீட்டில் மீதி 151 ரூபாய் என்று இருந்தது. இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து மறுபடி அட்டையைச் செருகினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்ற ஒருவர் "சீக்கிரம் வாம்மா" என்றார்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை வகுப்புத் தோழன் ஒருவன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அழைத்தால் கணக்கு எண், தொகை, நேரம் எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டு ஓர் ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்துத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் மீதி விவரத்தை நிரப்ப வேண்டும். பணம் போன பாதையில் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பதுதான் அவர்கள் வேலை. கடைசியாகப் போன 8,200 ரூபாய்க்கான பொருள் அதுவரை அனுப்பப்படவில்லை. அந்தத் தொகை மட்டும் நின்றது, மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மற்ற 33,499 ரூபாய் போனது போனதுதான். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்தேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கைதான் அப்போது இதற்கான விதி. நம் தவறு எதுவும் இல்லாமல் வேறு யாரோ செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு நமக்கு இல்லை. நம் கவனக்குறைவும் சேர்ந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம்வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். கார்டைப் படம் எடுத்து வைத்ததும், சரியான ஓடிபி கொடுக்கப்பட்டிருப்பதும் என் கவனக்குறைவு என்று பதில் வந்தது. சிம்மே பறிபோயிருந்தது என்று எழுதினேன். "அதை வெள்ளி இரவே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே" என்று கிளை அதிகாரி கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வங்கியின் பதிலில் திருப்தி இல்லை என்றாலோ, முப்பது நாள்வரை பதிலே இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே கட்டணமில்லாமல் முறையிடலாம். முறையிட்டிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

செல்போனை முடக்கும் வேலை மட்டும் எதிர்பார்த்ததைவிட எளிது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சிஇஐஆர் என்ற பகுதி இருக்கிறது. புகார் நகல், ஐஎம்இஐ, அடையாளச் சான்று கொடுத்தால் அந்தச் செல்போன் நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்மிலும் இயங்காதபடி நிறுத்திவிடுவார்கள். யாராவது சிம் போட்டுப் பார்த்தால் காவல்துறைக்குத் தகவல் போகும். என் செல்போன் இதுவரை எங்கேயும் தலைகாட்டவில்லை.

பருவக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி டிசம்பர் இரண்டாம் வாரம். வீட்டில் கேட்க முடியாது. கழுத்தில் கிடந்த ஒரு பவுன் சங்கிலியை அடகு வைத்து 35,000 ரூபாய் வாங்கினேன். பழைய செல்போன் ஒன்று 5,500 ரூபாய். ஊசி, ஆட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 1,200. கணக்கிலிருந்து போன பணத்தையும் பறிபோன செல்போனையும் இவற்றோடு கூட்டினால் கிட்டத்தட்ட 56,700 ரூபாய், அடகு வட்டியைச் சேர்க்காமல். வகுப்பு ஒன்பது நாள் போனது. வருகைப்பதிவு குறைந்து அதற்கு ஒரு விளக்கக் கடிதம். தூக்கம் எத்தனை நாள் போனது என்று கணக்கு வைக்கவில்லை. பைக் சத்தம் பின்னால் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்றுவிடுவேன், பட்டப்பகலில்கூட.

கல்லூரியில் செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன், அதுவும் விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும் என்ற பயத்தில். பாதுகாப்பு அலுவலகத்தில், "கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லையே" என்றார்கள். மதிலின் மூலையில் இருந்த கேமராவில் சந்தின் பாதி தெரியும். பதிவு பதினைந்து நாள்தான் இருக்கும், போலீஸ் எழுதிக் கேட்டால்தான் தருவோம் என்றும் சொன்னார்கள். இதை நினைவில் வையுங்கள். கேமராப் பதிவு காத்திருக்காது. சம்பவம் நடந்த மறுநாளே, குறிப்பிட்ட நேரத்துப் பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் அந்தக் கடிதத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். பதிவில் பைக் தெரிந்தது, எண் தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. அதே பைக் அதே வாரத்தில் புதன்கிழமையும் அந்தச் சந்தில் இரண்டு முறை மெதுவாகப் போயிருக்கிறது. அந்த புதனன்று நானும் தோழியும் அதில்தான் நடந்து வந்தோம். ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். வழக்கமான கேலி என்று தலையைக் குனிந்துகொண்டோம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமாகவே அது எங்களுக்குத் தோன்றவில்லை. அப்படிச் சொன்னபோது பேராசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவர் படித்த காலத்தில் 1998இல் சென்னையில் இதே மாதிரி ‘வெறும் கேலி’யில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததையும், அதன் பிறகுதான் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது என்பதையும் சொன்னார்.

அவர் வகுப்பில் பொதுவாகக் கேட்டார்: அந்தச் சந்தில் வேறு யாருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா? அமைதி. வகுப்பு முடிந்ததும் இரண்டு பெண்கள் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். ஒருத்திக்குச் செப்டம்பரில், இன்னொருத்திக்கு அக்டோபரில். இருவரும் செல்போனைப் பறிகொடுத்திருக்கிறார்கள். இருவரும் வீட்டில் தொலைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பரில் அவள் வாய் திறந்திருந்தால் நான் நவம்பரில் அந்த வழியாகத் தனியாகப் போயிருக்க மாட்டேன் என்று ஒரு கணம் அவள்மேல் கோபம் வந்தது. நான் டீக்கடையில் நின்று பேசியது நினைவுக்கு வந்ததும் கோபம் அடங்கிவிட்டது.

மூன்று பேரும் சேர்ந்து மனு எழுதினோம். 31 பேர் கையெழுத்து. மனுவில் பாதுகாப்பு வேண்டும் என்று பொதுவாக எழுதவில்லை. அப்படி எழுதினால் விடுதி நேரத்தை இன்னும் குறைப்பார்கள், கேட்டை இன்னும் சீக்கிரம் பூட்டுவார்கள் என்று பேராசிரியை எச்சரித்தார். ஆய்வகம் உள்ள நாட்களில் பின்கேட் இரவு எட்டரைவரை திறந்திருக்க வேண்டும், அங்கே ஒரு பெண் காவலர் இருக்க வேண்டும், மூலைக் கேமராவைச் சந்து முழுதும் தெரியும்படி திருப்ப வேண்டும் என்று மூன்றே கோரிக்கை. ஜனவரியில் மூன்றும் நடந்தன. விளக்குக்காக மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு நாங்களே அழைத்தோம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் இடத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டார், "சங்கிலி எங்கே?" இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த பொய்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதார். சென்னை வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்க்கும் உரக்கடை முதலாளியின் மகனுக்கும் போன வருடம் இதே மாதிரி நடந்ததாம். அன்று கடையில் இருந்து சிம்மையும் கார்டையும் நிறுத்தும்வரை கூடவே இருந்தவர் அப்பா. வங்கியின் அந்த எண்ணை ஒரு காலண்டர் தாளில் எழுதி, கிழித்துச் சட்டைப்பையில் இன்னும் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். "எட்டு மணிக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கிருந்தே முடித்திருப்பேனே" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முட்டி ஆறிவிட்டதா என்று கேட்டார்.

சங்கிலியை மார்ச்சில் மீட்டேன். போன வாரம் சந்தில் மூன்றாவது கம்பத்து விளக்கு மறுபடி அணைந்திருந்தது. வெளிச்சத்தில் நின்று 1913க்கு அழைத்துக் கம்பத்தின் எண்ணைச் சொன்னேன். பிறகு அம்மாவை அழைத்து, விளக்கு எரியவில்லை, பின்கேட் வழியாகப் போகிறேன், பஸ் ஏறியதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்போனைப் பைக்குள் போட்டேன்.